நல்லாருக்கா?

தொழிலாக இல்லாமல் சும்மா படம் வரைகிற யாரிடமாவது அவருடைய நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நோட்டு கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு சமாதானம் வரும். "சும்மா கிறுக்குனது." "டைம்பாஸுங்க." "எனக்குக் கை வரைய வராது, அதைப் பாக்காதீங்க." கச்சேரிக்கு முன்னால் பாடகர் தொண்டை சரியில்லை என்று சொல்வதைப் போன்ற சம்பிரதாயம் இல்லை இது. நோட்டைத் தரப்போகிற அந்த நொடியில்தான் அவருக்குள் 'நல்லாருக்கா?' என்ற கேள்வி எழுகிறது. அதற்கு முந்தைய அரைமணி நேரம் அது அங்கே இல்லை. அது இல்லாததால்தான் அந்த அரைமணி நேரம் அவருக்குத் தேவைப்பட்டது.

அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் லிண்டா பாரி கடந்த சில வருடங்களாக இந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். 2008இல் வந்த 'வாட் இட் இஸ்', 2010இல் 'பிக்சர் திஸ்', 2014இல் 'சிலபஸ்', 2019இல் 'மேக்கிங் காமிக்ஸ்'. நான்கும் பார்க்கப் புத்தகம் மாதிரியே இருக்காது. மஞ்சள் நிறக் கோடு போட்ட தாள், வெட்டி ஒட்டிய துண்டுகள், ஓரமெல்லாம் குரங்கு, ஆக்டோபஸ், கோழி. 'சிலபஸ்' ஒரு பள்ளிக்கூட நோட்டின் வடிவத்திலேயே அச்சிடப்பட்டது. முதல் தடவை புரட்டும்போது குழந்தைகளுக்கான புத்தகம் என்று நினைத்து மூடி வைத்துவிடுவோம். நான்காவது தடவை புரட்டும்போதுதான் இது விமர்சனத்தைப் பற்றிய புத்தகம் என்று புரியும்.

'வாட் இட் இஸ்' புத்தகத்தில் பாரி தன் கதையைச் சொல்கிறார். சின்ன வயதில் எல்லாக் குழந்தைகளும் வரைகிறார்கள். ஏதோ ஒரு வயதில் இரண்டு கேள்விகள் வீட்டுக்குள் நுழைகின்றன: இது நன்றாக இருக்கிறதா, இது கேவலமாக இருக்கிறதா. அவை வந்து உட்கார்ந்ததும் கை நின்றுவிடுகிறது. பெரும்பாலானவர்கள் அதோடு வரைவதை விட்டுவிடுகிறார்கள். பாரியின் வீடும் சுலபமான வீடு இல்லை. கோபக்கார அம்மா. அந்தக் காலத்தில் வந்த 'த கார்கன்' என்ற பேய்ப்படத்தில், பார்த்தவர்களைக் கல்லாக்கும் பாம்புக்கூந்தல்காரியைப் பார்த்து அந்தச் சிறுமி பயந்து நடுங்குகிறாள், ஆனாலும் அவளை விடமுடியாமல் பிடித்துக்கொள்கிறாள். தன் அம்மாவை அம்மாவாகப் பார்த்துத் தாங்க முடியாதபோது, ஒரு அரக்கியின் உருவத்தின் வழியாகத் தாங்கிக்கொள்ள முடிந்தது என்கிறார் பாரி. அவருடைய கணக்கில் படம் என்பது அலங்காரம் கிடையாது. அது ஒரு உறுப்பு மாதிரி. ஈரல் எப்படி வேலை செய்கிறதோ அப்படி உள்ளே அதுவும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

*

பாரி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். அவருடைய வகுப்பு நடக்கும் விதம்தான் 'சிலபஸ்' புத்தகத்தின் உள்ளடக்கம். மாணவர்கள் சொந்தப் பெயரில் வருவதில்லை. ஒரு பருவத்தில் எல்லோருக்கும் மூளையின் பாகங்களுடைய பெயர்கள். வருகைப் பதிவேடு கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சின்ன அட்டையில் இரண்டு நிமிடத்துக்குள் தன்னைத்தானே வரைந்து கொடுக்கவேண்டும். தினமும் ஒரு டைரிப் பக்கம்: இன்று செய்தவை, இன்று பார்த்தவை, காதில் விழுந்த ஒரு பேச்சு, ஒரு படம். ஒருவர் தான் எழுதியதை வாசிக்கும்போது மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது. தலையைக் குனிந்து தாளில் சுருள் வரையவேண்டும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கோடு, கோட்டோடு கோடு ஒட்டாமல் எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. வாசித்து முடித்ததும் பாரி 'குட்' என்பார். அடுத்தவர் ஆரம்பிப்பார். கருத்து இல்லை, திருத்தம் இல்லை, கைதட்டல் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். பகலில் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் அது எங்கேயும் போய்ச் சேராது. கோட் ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவன். அதில் எனக்குப் புகாரே இல்லை. ரிவ்யூ இல்லாத கோட் நள்ளிரவு இரண்டு மணிக்கு எங்கே போய் வெடிக்கும் என்று தெரியும். இலக்கியத்திலும் எனக்கு இதே நம்பிக்கைதான். கறாரான விமர்சனம் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொள்வது மட்டும்தான் நடக்கும். 'எல்லாமே நல்லாருக்கு' என்று சொல்லும் வகுப்பு எனக்கு எதற்கு?

ஆனால் அந்தச் சுருள் என்னை விடவில்லை. வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மட்டும் சொன்னால் போதாதா? ஏன் கையில் வேலை கொடுக்கவேண்டும்? கேட்கும்போது கை சும்மா இருந்தால் மனம் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடும், அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான். கையும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, கேட்பவர் கேட்பவராக மட்டும் இல்லை. அவரும் அந்த நேரத்தில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் சுமாராகத்தான் வந்துகொண்டிருக்கிறது. சுருளின் கோடுகள் இடித்துக்கொள்கின்றன. அந்த அறையில் நீதிபதி நாற்காலியில் உட்கார ஆளே இல்லை. எல்லோரும் தரையில் இருக்கிறார்கள்.

பாரிமேல் ஒரு குற்றச்சாட்டு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். நன்றாக வரவேண்டிய அவசியமில்லை என்று சொல்கிற இந்தப் புத்தகங்களை வரைந்தவர் பல வருடங்கள் வாராவாரம் பத்திரிகைகளில் 'எர்னி பூக்ஸ் காமீக்' வரைந்த தேர்ந்த கலைஞர். அந்தப் பக்கங்களின் ஒழுங்கின்மை, இடம் தெரிந்து செய்த ஒழுங்கின்மை. கர்நாடக சங்கீத வித்வான் நம் வீட்டுக்கு வந்து "சும்மா பாடுங்க, சுருதியெல்லாம் எதுக்கு?" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கு அது சொல்லிவிடக்கூடிய விஷயம். நமக்கு அப்படி இல்லை. இன்னொன்று, வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அந்த 'குட்'. பாரி வாயிலிருந்து வரும்போது அதற்கு எடை இருக்கலாம். வகுப்புக்கு வெளியே, நம் வாழ்க்கையில், அதே சொல் ஒரு முற்றுப்புள்ளி. பேச்சை முடித்துவைக்க நாம் வைத்திருக்கும் மிகச் சிறந்த கருவி பாராட்டுதான்.

*

பொழுதுபோக்காக வரைவது மனதுக்கு ஆறுதல் தரும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களின் அட்டையிலேயே மன அழுத்தம் குறையும் என்று அச்சிடுகிறார்கள். இதற்கு மாற்று மருந்தாக நான் சிபாரிசு செய்வது மரியன் மில்னரின் 'ஆன் நாட் பீயிங் ஏபிள் டு பெயின்ட்'. 1950இல் ஜோஆனா ஃபீல்ட் என்ற புனைபெயரில் வந்தது. மில்னர் உளப்பகுப்பாய்வாளர், ஞாயிற்றுக்கிழமை ஓவியர். தனக்கு ஏன் வரைய வரவில்லை என்று ஆராய்வதற்காக, எந்தத் திட்டமும் இல்லாமல் கையைப் போன போக்கில் விட்டுப் படங்கள் வரைந்தார். அவற்றைத் தானே உட்கார்ந்து படித்தார்.

வந்த படங்கள் அவரைத் திடுக்கிட வைத்தன. அமைதியான கோடைக்காலக் காட்சியை வரையலாம் என்று உட்கார்ந்தால், தாளில் வந்து நிற்பது பற்றி எரியும் தீ. மனதில் நினைத்தது ஒன்று, கை சொன்னது வேறு. மில்னரின் புத்தகம் முழுக்க இந்த இடைவெளியைப் பற்றியதுதான். சும்மா வரைவது சும்மா இல்லை என்று அவர் காட்டுகிறார். காவல் இல்லாத வாசல் வழியாகக் கோபம் வரும், பயம் வரும், பொருட்களின் எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்ற சந்தேகம்கூட ஒரு பீதியாக மாறி வரும்.

பாரியையும் மில்னரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆறுதல் என்ற சொல்லே கொஞ்சம் மாறிவிடுகிறது. தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. புண் ஆறும். பால் ஆறும். கோபம் ஆறும். மூன்றிலும் உள்ளே இருக்கும் சூட்டை யாரும் மறுக்கவில்லை. நேரம்தான் வேலை செய்கிறது. இனிமையான எதையாவது வரைந்து மனதை மாற்றிக்கொள்வது ஆறுதல் கிடையாது, அது கவனத்தைத் திருப்புவது. உள்ளே இருக்கும் தீ தாளுக்கு வந்து, அதை நாமே பார்க்க முடிந்து, பார்த்தும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தெரிவதுதான் ஆறுதல்.

இதற்கு எவ்வளவு திறமை வேண்டும்? அதிகம் வேண்டாம். எவ்வளவு நேரம் வேண்டும்? அதைக் குறைக்க முடியாது. ஒரு வரி டைப் அடித்தால் சில நொடிகளில் படம் போட்டுத் தரும் கருவிகள் வந்துவிட்ட பிறகு எதற்கு இந்த அவஸ்தை என்று கேட்கிறார்கள். என் தொழில் அந்தக் கருவிகளுக்குப் பக்கத்து வீடு என்பதால் எனக்கு அவற்றின்மேல் வெறுப்பு கிடையாது. படம் வேண்டுமென்றால் அவை போதும். இங்கே வேண்டியது படம் இல்லை, இருபது நிமிடம்.

*

மில்னரின் நண்பரும் சக உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவார். குழந்தைகள் நல மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கோட்டை இழுப்பார். எதிரே இருக்கும் குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்றவேண்டும்: வாத்து, தொப்பி, பாம்பு. பிறகு குழந்தை ஒரு கோடு இழுக்கும், அவர் மாற்றுவார். இப்படி மாறி மாறி. 'ஸ்குவிகிள் கேம்' என்று அதற்குப் பெயர். பேச்சில் வெளிவராதது இந்தக் கிறுக்கல்களில் வெளிவரும் என்பது அவர் அனுபவம்.

இந்த விளையாட்டின் மருத்துவப் பயன் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதன் இலக்கணம்தான் எனக்கு முக்கியம். அங்கே ஒரு படத்துக்குப் பதில் இன்னொரு படம். 'நல்ல கோடு' என்று பாராட்டிவிட்டு வினிகாட் தாளைத் திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் அந்த இடத்தில் முடிந்துவிடும். கோட்டைத் தொடர்வது ஒன்றுதான் அந்தக் கோட்டைப் பார்த்ததற்கான அத்தாட்சி.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கோல நோட்டு. கோலம் என்றதும் வாசல், விடியற்காலை, சாணித் தண்ணீர், அரிசி மாவு, எறும்புக்கு உணவு என்று ஒரு பாட்டு பாட ஆரம்பித்துவிடுவோம். அதை நான் பாடப்போவதில்லை. வாசல் கோலம் பெரும்பாலான பெண்களுக்கு வேலை. தூக்கம் கலையாத கண்ணோடு செய்தே ஆகவேண்டிய, செய்யாவிட்டால் தெருவே கேட்கும் வேலை. அதைத் தியானம் என்று ஆண்கள் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் சொல்வது நோட்டு. மத்தியானம், சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம். பழைய டைரி, அல்லது பிள்ளைகளின் நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள். '15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை' என்று மேலே ஒரு குறிப்பு. அதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் தாமரை, அன்னப்பட்சி, பொங்கல் பானை. வாசலில் போட முடியாத பெரிய கோலங்கள் பல அதில் இருக்கும். சில கோலங்கள் ஒரு நாளும் தரைக்கு வந்திருக்காது. அவை எதற்காகவும் இல்லை. என் அம்மாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. அட்டை போய், நூல் பிரிந்து, நடுவில் ரேஷன் கணக்கும் பால் கணக்குமாக. அந்த நோட்டு வீட்டில் இருக்காது, கடன் போயிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போவார். திரும்பி வரும்போது அவருடைய நோட்டும் கூட வரும். "இதுல அந்த மயில் கோலம் மட்டும் எடுத்துட்டுக் குடுத்துடுறேன்." எடுப்பது என்றால் பார்த்து வரைவது.

அந்த நோட்டுகள் கைமாறியபோது யாரும் யாரையும் பெரிதாகப் பாராட்டி நான் கேட்டதில்லை. பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கும்போது ஒரு இதழ் கூடும், ஒரு வளைவு மாறும். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது வீட்டு நோட்டில் அதே மயில் வேறு தோகையோடு வந்து நிற்கும். பாரியின் வகுப்பில் குனிந்து சுருள் வரைகிற மாணவர்களும், வினிகாட்டின் மேஜையும், அம்மாவின் மத்தியானமும் எனக்கு ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. வரைகிறவருக்குத் தேவை பார்வையாளர் கிடையாது. கூட வரைகிற ஒருவர்.

*

இது அழகான தத்துவம். உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிற ஆளிடம் செல்லுபடியாகுமா?

டேனி கிரிகோரி என்ற நியூயார்க் விளம்பரத்துறைக்காரர் எழுதி வரைந்த 'எவரிடே மேட்டர்ஸ்' 2003இல் வந்தது. அவருடைய மனைவி சுரங்க ரயில் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். மகன் அப்போது கைக்குழந்தை. அதற்குப் பிந்தைய நாட்களில், முன்பின் வரையாத கிரிகோரி வரைய ஆரம்பித்தார். வீட்டுச் சாமான்கள், சாப்பாடு, தெரு, கட்டிடங்கள், மனைவி. இலக்கியமாகப் பார்த்தால் புத்தகத்தில் குறைகள் உண்டு. கையெழுத்துப் பக்கங்கள் சில இடங்களில் சட்டென்று போதனைக்குள் போய்விடுகின்றன. ஆனால் ஒரு விஷயத்தை அவர் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஒரு பொருளை வரைகிற அளவுக்குப் பார்த்தால் அது 'ஒரு பொருள்' என்பதிலிருந்து 'இந்தப் பொருள்' ஆகிவிடுகிறது. சக்கர நாற்காலி என்ற சொல் பயமுறுத்தும். இந்தச் சக்கர நாற்காலி, அதன் இந்தக் கைப்பிடி, இந்தக் கீறல், அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

கல்லூரி நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அதில் ஒருவனுடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உள்ளே கூட இருக்க விடமாட்டார்கள். வெளியே இரும்பு நாற்காலி. போனைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததும் அவன் வரைய ஆரம்பித்தான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பென்சிலே தொடாதவன். வார்டு வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைத்தான் வரைந்தான், அவை அசையாது என்பதால். குழுவில் போட்டான். வழக்கமான பதில்கள் போயின: "சூப்பர்டா", "கலக்குற மச்சி", கை கூப்பு, தீ. நான்கைந்து வாரத்தில் அவன் போடுவது நின்றது. கேட்டதற்கு, "நீங்க எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றப்போ நான் என்னமோ காம்பெடிஷனுக்கு அனுப்புன மாதிரி இருக்குடா" என்றான்.

குழுவில் இன்னொருவன் பெங்களூரில் இருக்கிறான். அவன் எதுவும் சொல்லாமல் ஒரு நாள் ராத்திரி தன் வீட்டு வாசல் செருப்புகளை வரைந்து போட்டான். படு கேவலமாக இருந்தது. செருப்பா, கத்திரிக்காயா என்று தெரியவில்லை. அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது, இன்னொரு செருப்பு. இப்போது நாங்கள் நான்கு பேரும் போடுகிறோம். நான் ஆபீஸில் மீட்டிங் இழுக்கும்போது வரைகிறேன். தண்ணீர் பாட்டில், சார்ஜர் வயர், தூரத்தில் யாரோ ஒருவரின் காலணி. யாரும் யார் படத்துக்கும் கருத்து சொல்வதில்லை. எப்போதாவது ஒரு கேள்வி வரும்: "அந்த எடது கால் செருப்பு ஏன் தனியா கெடக்குது?" அதற்கு ஒரு கதை வரும். அந்தக் கதைதான் அவன் அன்றைக்கு எங்களிடம் சொல்ல விரும்பியது என்று கடைசியில் தெரியும். ஒருமுறை அவன் அப்பாவே நோட்டைப் புரட்டிவிட்டு, "என் செருப்பு வார் பிஞ்சிருக்கே, இப்பதான் பாக்குறேன்" என்றாராம். அடுத்த நாள் தைக்கக் கொடுத்தார்கள்.

அவன் அப்பாவின் கிரியாட்டினின் அளவைச் செருப்புப் படம் குறைக்கவில்லை. செலவையும் குறைக்கவில்லை. "இதனால எதாவது ஆகுதாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாலு மணி நேரம் நாலு மணி நேரமாவே இருக்கு. முன்னாடி அது ஒரு நாளா இருந்துச்சு" என்றான்.

*

ஆறுதலைப் பற்றிப் பேசும்போது அதன் எல்லையையும் பார்த்துவிடவேண்டும். அந்த எல்லையில் நிற்பவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்து, வைமரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த யூத ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவிய வகுப்பு நடத்தினார். பழைய படிவங்களின் பின்பக்கம், கிடைத்த காகிதத்துண்டு, எதுவானாலும் தாள்தான். பூக்கள், வீடு, பட்டாம்பூச்சி, ஜன்னல், சாப்பாட்டு மேஜை, முகாமின் மூன்றடுக்குக் கட்டில்கள். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மிஞ்சின. இன்று அவை பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவற்றின்முன் 'வரைதல் மனதை ஆற்றும்' என்ற வாக்கியத்தை உச்சரிக்கவே வாய் வராது. அந்தப் படங்கள் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் ஃப்ரீடல் அந்த வகுப்பில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். குழந்தைகள் தங்கள் படத்தில் தங்கள் பெயரை எழுதவேண்டும். முகாமுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு போக்குவரத்து எண் இருந்தது. எண்ணாக வந்த குழந்தை தாளின் மூலையில் பெயராக மாறியது.

பாரியின் வகுப்பை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே பெயரை எடுத்துவிடுகிறார்கள், இங்கே பெயரை எழுதச் சொல்கிறார்கள். நேர் எதிரான இரண்டு விதிகள். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். வெளியே இருக்கும் பார்வை இந்த ஆளிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டது? அதை இந்த அறைக்குள் திருப்பிக் கொடு. தன் பெயரோடு ஒட்டிய மதிப்பெண்களைச் சுமந்து களைத்த அமெரிக்க மாணவருக்குப் பெயரில்லாமல் இருப்பது விடுதலை. பெயரே பறிக்கப்பட்ட குழந்தைக்குப் பெயர் எழுதுவது விடுதலை. பாராட்டு, மௌனம், பதில் படம், கேள்வி, எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல். பொது விதி என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதில் இறங்க முடியாது. எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

*

அப்படியானால் விமர்சகனுக்கு இங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை என்று பாரி சொல்வார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

அச்சுக்கு வருகிற, காசு கேட்கிற, நம் நேரத்தைக் கேட்கிற படைப்பை எடைபோட்டுத்தான் ஆகவேண்டும். அதில் கருணைக்கு இடமில்லை. ஆனால் மனிதர்கள் செய்கிற எல்லாமே அந்தத் தராசில் ஏறுவதற்காகச் செய்யப்படுவதில்லை. லைக் எண்ணிக்கையோடு வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் மங்கிப்போய்விட்டது. எதைக் காட்டினாலும் அது போட்டிக்கு அனுப்பியதாகிவிடுகிறது. பார்ப்பவர்களும் ஜட்ஜ் நாற்காலியைத் தவிர வேறு இருக்கை இல்லை என்று நம்பி, பெருந்தன்மையோடு பத்துக்குப் பத்து போட்டு அனுப்பிவிடுகிறோம். பத்துக்குப் பத்தும் ஒரு மதிப்பெண்தானே.

நல்ல விமர்சகன் முதலில் செய்வது மதிப்பிடுவது இல்லை. உற்றுப் பார்ப்பது. இந்த வரியில் ஏன் இந்தச் சொல், இந்த அத்தியாயத்தில் ஏன் அந்தப் பாத்திரம் வரவில்லை என்று கேட்பது. "அந்த எடது கால் செருப்பு ஏன் தனியா கெடக்குது?" என்ற கேள்வி அதே ரகம்தான். படத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படத்தை முழுக்கப் பார்த்த ஒருவரால்தான் அதைக் கேட்க முடியும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற கருவிதான் இது. தீர்ப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டு அதைக் கொண்டுபோகலாம்.

டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கிளாஸில் வைத்திருந்தாலும் ஆறத்தான் செய்யும், ரொம்ப நேரம் ஆகும், மேலே ஆடை கட்டிவிடும். அதனால் இரண்டாவது பாத்திரம் வேண்டும். அதில் ஊற்றி, அதிலிருந்து இதில் ஊற்றி. இரண்டாவது பாத்திரம் டீயின் ருசியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு டீயைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது சும்மா வரைந்த ஒன்றை உங்களுக்கு அனுப்பினால், 'சூப்பர்' என்று டைப் அடிக்கும் முன்னால் அதை ஒரு நிமிடம் பாருங்கள். தோன்றினால் ஒரு கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் கையில் கிடைக்கிற பில்லின் பின்பக்கத்தில், கையில் கிடைக்கிற பேனாவால், எதிரே இருக்கும் டம்ளரை வரைந்து திருப்பி அனுப்புங்கள். கேவலமாகத்தான் வரும். அனுப்பிவிடுங்கள்.